முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்

பூநகரிப் பக்கத்துக் கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் நடக்கும். வயலும் அடுப்பும் ஓரளவு ஓய்ந்திருக்க வேண்டும். பொதுநோக்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் சீ.ஆர். கொப்பி. கிராம அலுவலர் வந்திருப்பார். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்திருப்பார். கடவுள் வணக்கம், அகவணக்கம், சென்ற கூட்டறிக்கை, கணக்கறிக்கை என்று ஒவ்வொன்றாக முடியும். பிறகு பழைய நிர்வாகம் கலையும். உத்தியோகத்தர் தற்காலிகத் தலைவராக இருந்து, "தலைவர் பதவிக்கு ஆளைச் சொல்லுங்கோ" என்று கேட்பார்.

மண்டபம் ஒரு கணம் அமைதியாகும். பின்வரிசையிலிருந்து ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். பெயருக்குரியவர் எழும்பி, "எனக்கு ஏலாது, வேற ஆளைப் போடுங்கோ" என்பார். அதற்குள் இன்னொருவர் வழிமொழிந்திருப்பார். கைகள் உயரும். கொப்பியில் இரண்டு வரிகள் ஏறும்: முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார்.

எழுத ஒரு நிமிடம்கூட எடுக்காத வரிகள் அவை. ஆனால் வன்னி மண்ணில் அந்த இரண்டு வரிகளுக்கும் நீண்ட கதை இருக்கிறது. நிவாரணம் என்ற பெயரில் இங்கே எத்தனையோ அமைப்புகள் வந்தன. அவற்றின் மேசைகளில் யார் யார் இருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அவர்களை அங்கே இருத்தியது யார் என்று கேட்டுக்கொண்டு போனால், தண்ணீர்ப் பங்கீட்டில் தொடங்கி ஜெனீவா வரை போகவேண்டி வரும்.

பூநகரி கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கு ஓரம். வடக்கே கடனீரேரி, அக்கரையில் யாழ்ப்பாணக் குடாநாடு. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த சிறு கோட்டை ஒன்று இன்னும் சிதைந்து நிற்கிறது. மண்ணித்தலை, கௌதாரிமுனை மணற்பாங்கில் பழைய சிவாலயத்தின் எச்சம். மழையை நம்பி விதைக்கும் வயல்களில் மொட்டைக்கறுப்பன் நெல். பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருள் ஆய்வு' வெளிவந்தது 1993இல். அதே ஆண்டு நவம்பரில்தான் இங்கிருந்த படைமுகாம்மீது விடுதலைப் புலிகளின் பெருந்தாக்குதல் நடந்தது. 2008 நவம்பர் 15இல் இராணுவம் பூநகரியை மறுபடி பிடித்தது. முன்பு கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குப் பாதை என்ற மிதவையில் ஏறிக் கடந்தார்கள். 2011 ஜனவரி 16இல் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. அரிசியும் மருந்தும் தறப்பாளும் நீரைக் கடந்தோ, படைவேலியைக் கடந்தோதான் இங்கே வந்துசேர்ந்தன. அவற்றைப் பற்றிய முடிவுகளும் அப்படித்தான் வந்தன.

இந்த ஊர்களில் பொதுவேலைக்கு ஆளைத் தெரிவு செய்யும் வழக்கம் தொண்டு நிறுவனங்களோடு வந்ததல்ல. குளத்தோடு வந்தது. குளத்து நீரைப் பங்கிடவும், கட்டு உடைந்தால் ஆளுக்கொரு முழம் என்று வேலையைப் பிரிக்கவும், பயிர் நிற்கும்போது மாடு வயலுக்குள் இறங்காமல் வேலியைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். வன்னியில் அவரை வட்டவிதானை என்பார்கள். சிங்களப் பகுதிகளில் வெல்விதானே. சம்பளம் நெல்லாக, அறுவடையில் ஒரு பங்கு. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தப் பழைய வழக்கங்களுக்குச் சட்டவலு கொடுத்தது. காணிக்காரர் கூடிப் பெரும்பான்மையால் முடிவெடுக்கலாம், அந்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றாயிற்று.

காணிக்காரர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வயலில் இறங்கி உழுதவனுக்குச் சொந்தக் காணி இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் அவன் கைக்குக் கணக்கில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அதை மாற்ற முயன்றது. விதானையின் இடத்துக்குப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. உழுபவனுக்கும் அதில் வாக்கு வந்தது. அது நீடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சட்டம் மாறி, குழு உறுப்பினரை அமைச்சர் நியமிக்கும் முறை வந்தது. ஊர் தெரிந்தெடுத்த ஆளின் இடத்தில் தொகுதி அரசியல்வாதிக்கு வேண்டிய ஆள் இருந்தார். 1979இல் குழுக்களே இல்லாமற் போயின. 1991இல் திருத்தம், 2000இல் கமநல அபிவிருத்திச் சட்டம், கமக்காரர் அமைப்புகள், மறுபடி பொதுக்கூட்டம், மறுபடி தெரிவு. ஊர் தெரிவு செய்த ஒன்று மேலிடத்து நியமனமாக மாறுவதும், பிறகு திரும்பி ஊரிடம் வருவதும் நெல்லில்தான் முதலில் நடந்தன. நிவாரணத்தில் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த முன்கதை உதவும்.

கோயில்களின் கதை வேறு மாதிரி. பல கோயில்களில் மணியம் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் இருந்தது. பிணக்கு வந்தால் வழக்கு. வழக்கு வந்தால் நீதிமன்றம் ஒரு நிர்வாகத் திட்டத்தை எழுதிக் கொடுக்கும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு வழிவிட்டது. இத்தனை பேர் கொண்ட பரிபாலன சபை, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தெரிவு, கணக்கை இன்னாரிடம் காட்ட வேண்டும் என்று நீதிபதியின் கையால் யாப்புப் பெற்ற கோயில்கள் வடக்கில் பல. போசகர், தலைவர், உபதலைவர், செயலாளர், தனாதிகாரி என்ற வரிசை இன்று ஊர்ச் சங்கங்களின் நாக்கில் தானாக வருவதற்கு இந்தக் கோயிற் சபைகளும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சபைகளில் யார் உறுப்பினராகலாம் என்ற இடத்தில் சாதி குறுக்கே நின்றது. பெண்ணுக்கு அங்கே பூக்கட்டவும் பொங்கவும் இடமிருந்தது, வாக்கிட இல்லை.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்த ஒரு மருத்துவரும் உண்டு. டாக்டர் மேரி இரட்னம் 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கனடிய நாட்டுப்புறப் பெண்கள் நடத்திவந்த கழகங்கள் அதற்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடி, தாங்களே தலைவியைத் தெரிந்து, தையலும் தோட்டமும் குழந்தை வளர்ப்பும் படித்து, கணக்கும் தாங்களே எழுதுவது அதன் வழி. மறுவருடம், 1931இல், டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. 1937இல் மேரி இரட்னம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண் ஆனார். 1958இல் மகசேசே விருது. அவர் காலடி பூநகரி மண்ணில் படவேண்டிய தேவையே இருக்கவில்லை. சுதந்திரத்தை அடுத்து அரசாங்கம் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தை அமைத்து ஊரூராகச் சங்கங்களைப் பதிந்தபோது, மாதருக்குத் தனிச் சங்கம் என்ற எண்ணம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. இன்றைக்கும் ஊரில் அதன் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. மாதர் சங்கம் என்றால் போதும்.

இவற்றோடு சங்கக்கடையையும் சேர்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போர்ப் பங்கீட்டுக் காலத்தில் பெருகிய கூட்டுறவுச் சங்கங்கள் பின்னர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாகின. கிளைக்கூட்டம், அதிலிருந்து பொதுச்சபை, அதிலிருந்து இயக்குநர் சபை என்று படிப்படியாக ஏறும் தெரிவு. இதிலும் 1970களில் அமைச்சரின் நியமன ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் போர்க்காலத்தில் வன்னிக்கு வந்த உலருணவு நிவாரணம் பெரும்பாலும் இந்தச் சங்கக்கடைகளின் தராசில்தான் நிறுக்கப்பட்டது. குடும்ப அட்டையுடன் வரிசையில் நின்றவருக்கு, மா நிறுக்கும் சங்கத்தின் தலைவர் யார் என்று தெரியும். அவர் வீட்டுப் படலையும் தெரியும். குறைந்தால் போய்க் கேட்கலாம். அந்தப் படலைக்கு உள்ள பெறுமதியை எந்த யாப்பும் எழுதி வைக்கவில்லை.

இந்த மண்ணில் மனிதாபிமான அமைப்பு என்ற சொல்லுக்கு முதலில் முகம் கொடுத்தது காந்தீயம் என்ற அமைப்பு. 1970களின் பிற்பகுதி. 1977 இனக்கலவரத்தில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் அடிபட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் அதைச் சுற்றியும் ஒதுங்கின. அவர்களைக் காட்டுக்கரைக் காணிகளில் குடியமர்த்தி, கிணறு வெட்டி, பிள்ளைகளுக்குப் பாலும் பாலர் பாடசாலையும் கொடுத்தவர்கள் இருவர்: கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம். டேவிட் கரம்பனில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் படித்து, கென்யாவில் வேலை செய்து திரும்பியவர். இராஜசுந்தரம் வவுனியாவில் மருத்துவமனை நடத்தியவர். ஒருவர் தலைவர், மற்றவர் அமைப்புச் செயலாளர்.

அவர்களை யார் தெரிவு செய்தார்கள்? உழைப்பையும் பொருளையும் போட்டுத் தாங்களே அந்த இடத்தில் போய் நின்றார்கள். அகதியாக வந்து தறப்பாளுக்குள் இருந்தவருக்கு வாக்கெடுக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. உலகம் முழுக்கத் தொண்டு அமைப்புகள் தொடங்கும் விதம் பெரும்பாலும் இதுதான்: யாரோ ஒருவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமற் போகிறது. அதன் வலு எது என்பது காந்தீயத்தின் குடியேற்றங்களில் தெரிந்தது. அதன் ஆபத்து எது என்பது 1983 ஏப்ரிலில் தெரிந்தது. இருவரும் கைதானார்கள். யூலை 27இல் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் அந்தப் படுகொலையிலிருந்து தப்பி, செப்ரெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். அமைப்பு மறுபடி பழைய நிலைக்கு எழும்பவில்லை. இரண்டு பேரின் தோளில் நின்ற கூரை, தோள்கள் போனதும் நிலத்துக்கு வந்தது. தலைவர் இல்லாத நாளில் யார் கூட்டத்தைக் கூட்டுவார் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதன் அருமை, அப்படி இழந்த இடங்களில்தான் புரிகிறது. முதுமையில் ஊர் திரும்பிய டேவிட் ஐயா 2015 ஒக்ரோபரில் கிளிநொச்சியில் காலமானார். வயது 91.

காந்தீயம் வளர்ந்த அதே காலத்தில் கொழும்பில் ஒரு சட்டம் வந்தது: 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிவு, மேற்பார்வைச் சட்டம். பதியும் அமைப்பு தன் நிர்வாகிகள் யார் என்று அரசுக்குச் சொல்ல வேண்டும். 1998இல் அதற்கு ஒரு திருத்தம். மோசடி அல்லது கையாடல் நடந்ததென்று விசாரணையில் சான்று கிடைத்தால், இருக்கும் நிர்வாக சபையை ஒதுக்கிவிட்டு இடைக்கால முகாமைச் சபை ஒன்றை அமைச்சர் நியமிக்கலாம். பணத்தைக் காக்க அப்படியொரு அதிகாரம் தேவைப்படலாம். ஆனால் நெற்காணிக் குழுவுக்கு 1970களில் நடந்ததை நினைவில் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு அந்தப் பிரிவு புதிதாக இருந்திருக்காது.

தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 1985இல் தமிழ்நாட்டில், ஈழ அகதிகளுக்காகத் தொடங்கியது. பின்னர் யாழ்ப்பாணம், பிறகு வன்னி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் முல்லைத்தீவுக் கரையில் அதன் தொண்டர்கள் செய்த வேலையை நேரில் கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. வெளிநாட்டுத் தமிழர் வாழும் நாடுகள் பலவற்றில் அதற்குக் கிளைகள் இருந்தன. அதன் பொறுப்பாளர்களை யார் வைத்தார்கள் என்ற கேள்விதான் கடைசியில் அதன் கழுத்தில் விழுந்தது. விடுதலைப் புலிகளின் முகப்பு அமைப்பு என்று இலங்கை அரசும் அமெரிக்காவும் சொன்னன; கழகம் அதை மறுத்தது. 2006இல் இலங்கை மத்திய வங்கி கணக்குகளை முடக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரி தடைவிதித்தது. அதே மாதத்தில் இலங்கையிலும் தடை. இயக்கத்தின் நிர்வாகம் இருந்த வன்னியில், பெரிய நிதி வருவதும் பெரிய பொறுப்புக்கு ஆள் போடுவதும் இயக்கத்தின் பார்வைக்கு வெளியே நடக்கவில்லை. ஊரில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விடயம் அது. அரிசி தேவைப்பட்ட தாய்க்கு அந்த அரிசியைக் கொண்டுவந்த தொண்டர் முக்கியம். ஆனால் சபை எங்கே பிறந்தது என்ற கேள்வியால் கணக்கு முடங்கியபோது, கையை விரிக்க வேண்டியவர்களும் அந்தத் தொண்டர்தான், அந்தத் தாய்தான்.

நிவாரணச் சபையில் யாருக்கு எத்தனை கதிரை என்பது ஒரு நாட்டின் அரசாங்கத்தையே ஆட்டிய காலமும் அதுதான். 2002 இறுதியில் தாய்லாந்தில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையில் அரசும் புலிகளும் ஓர் உபகுழுவை அமைக்க உடன்பட்டார்கள். வடக்கு கிழக்கின் உடனடி மனிதாபிமான, புனர்வாழ்வுத் தேவைகளுக்கான உபகுழு என்பது நீண்ட பெயர்; பத்திரிகைகள் 'சிரான்' என்று சுருக்கின. இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி இடம். கிளிநொச்சியில் கூடினார்கள். பேச்சுவார்த்தை நின்றபோது அதுவும் நின்றது.

ஆழிப்பேரலை நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் உடன்பட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பு இன்னும் நுணுக்கமானது. 2005 யூன் 24இல் கைச்சாத்தானது. மேல்மட்டக் குழுவில் மூன்று பேர்: அரசுக்கு ஒருவர், புலிகளுக்கு ஒருவர், முஸ்லிம் கட்சிகளுக்கு ஒருவர். பிராந்தியக் குழுவில் பத்துப் பேர்: புலிகள் நியமிப்போர் ஐவர், முஸ்லிம் கட்சிகள் நியமிப்போர் மூவர், அரசு நியமிப்போர் இருவர். தலைமைப் பதவி புலிகளின் நியமனத்துக்கு. இருப்பிடம் கிளிநொச்சி. ஆறு கரையோர மாவட்டங்கள் அதற்குள் அடங்கின. ஒப்பந்தம் வருமுன்பே மக்கள் விடுதலை முன்னணி அரசை விட்டு விலகியது. மூன்று கதிரை ஒதுக்கப்பட்ட முஸ்லிம்களின் தலைவர்கள், கையெழுத்திடும் தரப்பாகத் தங்களை அழைக்கவில்லை என்று வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் முழு நியாயம் இருந்தது. யூலை 15இல் உயர்நீதிமன்றம் கிளிநொச்சி இருப்பிடம், பிராந்திய நிதியம் உட்பட முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. பத்துக் கதிரைகளும் வெறுமையாகவே இருந்துவிட்டன. கடல் கொண்டுபோன வள்ளத்துக்கும் வலைக்கும் காத்திருந்தவர்கள் அந்தப் பத்துப் பேரில் ஒருவரையாவது தாங்கள் முன்மொழியலாம் என்று எந்தத் தரப்பும் அந்த ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அன்று எழுதப்பட்ட கதிரைக் கணக்குகளில் மிக நுட்பமானது அது. அதிலும் நிவாரணம் பெறுபவருக்கென்று ஒரு வரி இல்லை.

வன்னி மக்கள் மிக நன்றாக அறிந்த வெளிநாட்டுச் சின்னம் சிவப்புச் சிலுவை. ஜெனீவாவில் 1863இல் ஐந்து பேர் கூடித் தொடங்கியது சர்வதேச செஞ்சிலுவைக் குழு: வணிகர் ஹென்றி டுனான், சட்டத்தரணி குஸ்தாவ் முவானியே, தளபதி டுபூர், மருத்துவர்கள் அப்பியா, மொனுவார். சோல்பெரினோ போர்க்களத்தில் காயப்பட்டவர்களைக் கண்டு எண்ணத்தை விதைத்தவர் டுனான். 1867இல் அவருடைய வியாபாரம் முறிந்தது. கடனாளிக்கு அந்த நகரத்தின் மதிப்புள்ளோர் மேசையில் இடமில்லை. தான் தொடங்கிய குழுவிலிருந்தே அவர் போகவேண்டியதாயிற்று. 1901இல் முதல் நோபல் சமாதானப் பரிசு அவருக்குப் பகிர்ந்து கிடைத்தபோது அவர் சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றின் மருத்துவ விடுதியில் வாழ்ந்துகொண்டிருந்தார். குழுவில் முதற்பெண் இடம்பெற்றது 1918இல்.

அந்தக் குழுவின் உச்சபீடத்துக்கு வெளியிலிருந்து யாரும் வாக்களிப்பதில்லை. இருக்கும் உறுப்பினர்களே புதியவரைத் தேர்ந்து சேர்த்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கை 15க்கும் 25க்கும் இடையில். எல்லோரும் சுவிஸ் குடிமக்களாக இருக்க வேண்டும். போரிடும் எந்தத் தரப்பின் ஆளும் உள்ளே வரக்கூடாது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது வெறும் சொல்லாக இருக்கவில்லை என்பதை வன்னி பார்த்தது. 2008இல் ஏ-32 வீதி வழியே படை நகர, பூநகரிச் சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. செப்ரெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் அரசுசாரா நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற அரசு பணித்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் திரண்டு, போகவேண்டாம் என்று மன்றாடியது. போனார்கள். செஞ்சிலுவைக் குழு நின்றது. 2009 பெப்ரவரியிலிருந்து புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றியது அதுதான். யாருடைய நியமனத்திலும் தங்கியிராத சபை என்பதால் இரு தரப்போடும் பேச முடிந்தது.

அந்த மாதங்களில் வன்னியில் அதன் பணியாளர் மூவர் கொல்லப்பட்டார்கள். மூவரும் உள்ளூர்த் தமிழர். அவர்கள் உயிரோடு இருந்து, இன்னும் முப்பது ஆண்டு அந்த அமைப்பில் வேலை செய்திருந்தாலும், அதன் உச்ச சபையில் உட்காரும் தகுதி அவர்களுக்கு வந்திராது. கடவுச்சீட்டு வேறு. நடுநிலைக்காக அந்த விதி தேவை என்பதை ஒப்புக்கொள்பவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு கனக்கும், கனக்க வேண்டும்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேறு வழி எடுத்தது. 1971இல் பாரிசில் தொடங்கிய அதன் சபைகளைச் சங்க உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்கிறார்கள். அந்த உறுப்பினர்கள் களத்தில் வேலை செய்தவர்களும் செய்கிறவர்களும். 2009 மே மாதம், போரில் இடம்பெயர்ந்தோர் இருந்த மனிக்பாம் முகாமுக்கு அருகில் கூடார மருத்துவமனை போட்டவர்கள் இவர்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் இன்னொரு மாதிரி. 1934, 35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயின் பின்னணியில் 1936இல் பிரித்தானியச் சங்கத்தின் கிளையாக முளைத்து, 1949இல் தனிச் சங்கமானது. சந்தா கட்டிய உறுப்பினர் கிளையின் நிர்வாகத்தைத் தெரிகிறார்கள். கிளைகள் மேலே ஆளனுப்புகின்றன. ஊர்ச் சங்கத்துக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்.

போர் முடிந்த 2009 மே மாதத்தில் வடக்கின் மீள்குடியேற்றம், அபிவிருத்தி, பாதுகாப்புக்கான ஜனாதிபதி செயலணி வந்தது. உறுப்பினர்களை ஜனாதிபதி நியமித்தார். தலைவர் பசில் ராஜபக்ஷ. எந்தத் தொண்டு நிறுவனமும் வடக்கில் ஒரு கிணறு இறைப்பதற்குக்கூட அதன் அனுமதி வேண்டியிருந்தது. 2010இல் அரசுசாரா நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. மேலே எல்லாம் நியமனம். ஆனால் கீழே, மரத்தடியில், வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

பூநகரிக்குத் திரும்பிய குடும்பங்கள் முதலில் தேடியது தண்ணீரை. உவர் ஏறிய ஊர்களுக்குப் பவுசர் வரும். பவுசர் எங்கே நிற்கும், யாருடைய பீப்பா முதலில் நிரம்பும் என்பதை யாரோ சொல்ல வேண்டும். வீட்டுத்திட்டம் வந்தது. இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில் ஒரு புதுவீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பயனாளி தானே கட்டுவது. பெண் தலைமைக் குடும்பமா, மாற்றுத்திறனாளி உண்டா, பிள்ளைகள் எத்தனை என்று புள்ளி போட்டு, பட்டியலை ஊர் பார்க்க ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். இதற்கெல்லாம் உதவி நிறுவனங்கள் ஊரில் ஒரு குழுவைக் கேட்டன. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று ஏற்கெனவே பழகிய உருவங்கள் தூசிதட்டி எழும்பின. கொப்பிகள் எரிந்திருந்தன, உறுப்பினரில் பலர் இல்லை. ஆனால் எப்படிக் கூட்டம் கூட்டுவது, எப்படி ஆள் போடுவது என்பது மனிதர்களிடம் இருந்தது.

குறைகளும் கூடவே வந்தன. ஒரே ஆள் நாலு சங்கத்தில் தலைவர். கச்சேரிக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர், கையில் மோட்டார் சைக்கிள் உள்ளவர், கடிதம் எழுதத் தெரிந்தவர் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள். சில ஊர்களில் சாதி இன்னும் மெல்லிய குரலில் பெயரைத் தேர்கிறது. மாதர் சங்கக் கூட்டங்களில் மண்டபம் நிறையப் பெண்கள். பல சங்கங்கள் சேரும் சமாசக் கூட்டத்துக்குப் போனால் மேசையில் பெரும்பாலும் ஆண்கள். நிறுவனம் ஒன்று வந்து, தன் திட்டத்துக்கென்று தனிக்குழு ஒன்றைத் தானே பொறுக்கி வைத்துவிட்டு, திட்டம் முடிந்ததும் போய்விடும். அந்தக் குழுவுக்குப் பிறகு யாரும் கூட்டம் கூட்டுவதில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் ஊரின் பெயரில் ஒன்றியங்கள் இருக்கின்றன. அங்கே பொதுக்கூட்டம், தெரிவு, கணக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் அனுப்பும் காசு ஊரில் எதற்குப் போகவேண்டும் என்று முடிவாகும் அந்தக் கூட்டத்தில் ஊரில் இருக்கும் ஒருவரின் கை உயர இன்னும் வழி இல்லை. இப்போது தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். ஒரு கதிரையை ஊருக்கென்று ஒதுக்குவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

மாதர் சங்கக் கூட்டம் முடியும்போது பொழுது சாய்ந்திருக்கும். "ஏலாது" என்ற பெண் தலைவராகிவிட்டார். பழைய பொருளாளர் வங்கிப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுக் கட்டையும் புதியவரிடம் எண்ணிக் கொடுக்கிறார். வங்கியில் கையெழுத்து மாற்ற வேண்டும். அதற்குக் கூட்டறிக்கையின் பிரதி வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும், மூன்று பேரின் அடையாள அட்டையும் வேண்டும். செயலாளர் கொப்பியைத் திருப்பி, முன்மொழிந்தவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார். வாசலில் ஒரு அம்மா நின்று, புதுத் தலைவரிடம், போன மாதம் பவுசர் தங்கள் ஒழுங்கைக்குள் வரவே இல்லை என்று சொல்லத் தொடங்குகிறார்.